இடக்கன்னத்து மறு

படம் மாட்டப்பட்ட காலையில் அதை முதலில் கண்டவர்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். காது கேளாதோர் பள்ளியின் நுழைவு மண்டபத்தில், அப்பள்ளிக்குத் தலைமை ஏற்றோரின் படங்கள் தொங்கும் சுவரின் முன்னே, அவர்கள் வரிசை கலைந்து நின்றார்கள். பசை மணம் மாறாத புதுச் சட்டத்துக்குள் ஓர் அம்மையார் புன்னகைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் கைகள் பரபரத்தன.

‘யாரு இது?’ என்று ஒரு சிறுமியின் விரல்கள் வினவின.

‘புது டீச்சர்’ என்றது ஒரு கை. ‘நம்ம பெரிய டீச்சரோட தங்கச்சி’ என்றது இன்னொன்று. முன்பல் விழுந்த ஒருத்தி இரண்டு உள்ளங்கைகளாலும் தன் கன்னங்களில் பொத் பொத்தென்று ஒற்றிக் காட்டினாள். மற்றவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். அந்த நொடியிலேயே படத்திலிருந்த பெண்மணிக்குப் பெயர் சூட்டப்பட்டுவிட்டது: பவுடர்.

மாடிப்படியில் இறங்கி வந்த தலைமை ஆசிரியை இதையெல்லாம் பார்த்தார். முன்பல் விழுந்தவள் ஓடிவந்து அவர் சேலையைப் பற்றி இழுத்தாள்.

‘டீச்சர், இனிமே பவுடர்தான் பெரிய டீச்சரா? அப்போ நீங்க எங்க போறீங்க?’

ஆசிரியை நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அவருடைய சேலை, அவருடைய மூக்குக் கண்ணாடி, அவர் அணிந்திருந்த கைக்கடிகாரம். ஆனால், அவருடைய இடக்கன்னம் கழுவிக் கவிழ்த்த கிண்ணம்போல் வழுவழுவென்றிருந்தது. கண்ணுக்குச் சற்றுக் கீழே, புளியங்கொட்டை அளவில் கருநீலமாகத் தடித்து, பிறந்த நாள் முதல் அவரோடிருந்த மறு அங்கே இல்லை.

அந்தப் பள்ளியில் ஒருவருக்குப் பெற்றோர் சூட்டிய பெயர் சம்பளச் சீட்டில் மட்டுமே வாழும். எழுத்தெழுத்தாக விரலால் காட்டிக்கொண்டிருந்தால் வகுப்பு முடிந்துவிடும் என்பதால், பிள்ளைகள் வந்தவரை ஏற இறங்கப் பார்த்துத் தாங்களே ஒரு பெயரிடுவார்கள். சமையல்காரம்மா உள்ளங்கையில் குழம்பை விட்டு நக்கிப் பார்ப்பவர். அதுவே அவர் பெயர். ஓவிய ஆசிரியர் கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிடுபவர். அதுவே அவர் பெயர். தலைமை ஆசிரியை இளம்பெண்ணாக முதல் வகுப்புக்குள் நுழைந்த அன்று, முன்வரிசைப் பிள்ளை ஒன்று சுட்டுவிரலைத் தன் இடக்கன்னத்தில் வைத்து ஒருமுறை திருகியது. வகுப்பு முழுவதும் திருகியது. அன்று முதல் அவர் பெயர் அதுதான். அப்பிள்ளைகள் வளர்ந்து, வேலைக்குப் போய், தங்கள் பிள்ளைகளோடு எதிர்ப்படும்போதும் தெருவின் மறுகரையிலிருந்து கன்னத்தில் விரலைத் திருகித்தான் அவரை அழைப்பார்கள்.

பெண்முகத்தைப் புகழ வந்த பழம்புலவர் பலரும் மறுவற்ற மதி என்று பாடி மகிழ்ந்தார்கள். மறுவைத் துடைத்துவிட்டால் வானில் தொங்குவது நிலவென்று எவர் அறிவார்? அழியாமலிருக்கப் படைத்தவன் தன் விரலால் ஒற்றிய முத்திரை அது. அதைத் துடைக்க ஒருவன் துணிந்திருக்கிறான்.

பிறவியிலேயே கேளாதவரான ஓவிய ஆசிரியர் வந்து சேர்ந்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, படத்தின் மேல் மூக்கு உரசுமளவு குனிந்து ஆராய்ந்தார்.

‘அழிச்சிருக்காங்க. சுத்தமா அழிச்சிருக்காங்க’ என்றன அவர் கைகள். ‘கழுத்துக் கோடு போச்சு. காதைப் பாருங்க, பாதியாக்கிட்டாங்க. நம்ம ஸ்கூல்ல காதுக்கா மேக்கப்பு?’

வேறொரு நாளாக இருந்தால் ஆசிரியை வாய்விட்டுச் சிரித்திருப்பார். அன்று அவர் பக்கத்து அறையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டார், ஏறினார், படத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“டீச்சர், செயலாளர் பார்த்தா என்னைக் கேப்பாரு!” என்று அலுவலக எழுத்தர் பதறினார்.

“கேக்கட்டும். நான் தூக்கிட்டுப் போயிட்டேன்னு சொல்லுங்க.”

படக்கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. உள்ளே திரைச்சீலைகள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. குடைவிளக்குகளுக்கு அருகே, கோட்டு இல்லாமல் வருபவர்களுக்கென்று ஒரு கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கியது. புகைப்படக்காரர் முகமெல்லாம் மலர்ந்து எழுந்தார்.

“வாங்க மேடம், வாங்க! படம் எப்படி? எல்லாரும் கேட்டிருப்பாங்களே?”

“கேட்டாங்க. இது யாருன்னு கேட்டாங்க.”

அவர் அதைப் பாராட்டாகவே கொண்டார். “பத்து வயசு குறைச்சிருக்கேன்ல!”

“அந்தப் பத்து வருஷமும் நான் நின்னு பாடம் நடத்தின வருஷம். உங்களை யாரு அதைக் குறைக்கச் சொன்னா? கன்னத்துல இருந்த மச்சம் எங்க?”

புகைப்படக்காரரின் மலர்ச்சி வாடியது. “மேடம், அது... நீங்கதானே வேணாம்னீங்க?”

“நானா?”

“உங்க கூட வந்தாங்களே, அக்கா. நீங்க உள்ள தலை வாரிட்டு இருந்தப்போ சொன்னாங்க. ‘அவளா கேக்கக் கூச்சப்படுவா, நீங்களா பார்த்து எடுத்துடுங்க’ன்னு. நான் அதுக்குத் தனியா எதுவும் வாங்கக்கூட இல்ல.”

ஆசிரியை படத்தை மேசைமேல் வைத்தார். அக்கா. அக்காவா?

“சரி. எடுத்தபடியே இருக்கிற படத்தைக் குடுங்க. நான் அதைச் சட்டம் போட்டுக்கறேன்.”

“அது இருக்காதுங்களே. சரிபண்ணி முடிச்சதும் பழசை அழிச்சிடுவோம். எங்க கடை வழக்கம் அது. அப்பா காலத்துல நெகடிவ்வையே கிழிச்சிடுவார். பழைய மூஞ்சியை யாராவது பார்த்துட்டா கஸ்டமருக்குச் சங்கடம், பாருங்க.”

எத்தனை மென்மையாகச் சொன்னார்! அக்கடையின் வாயிலில் நுழைந்த முகங்களெல்லாம் அவ்வாறே மரியாதையாக அழிக்கப்பட்டு, யாருக்கும் சங்கடம் தராத வேறு முகங்களாக வெளியே போயிருந்தன. சுவரெங்கும் அவை சிரித்தன. ஒரு வயிற்றில் பிறந்தவைபோல் எல்லாவற்றுக்கும் ஒரே கன்னம்.

“கவலைய விடுங்க மேடம். மச்சம்தானே? வெச்சுடலாம்.” அவர் கணினியின் முன் அமர்ந்து இரண்டு சொடுக்குச் சொடுக்கினார். திரையிலிருந்த பெண்மணியின் உதட்டோரம் கடுகளவில், வட்டமாய், அழகாய் ஒரு புள்ளி விழுந்தது. “எப்படி? சினிமாவுக்கே கூட்டிட்டுப் போயிடுவாங்க!”

“இது யாரோட மச்சம்?”

“யாரோடதும் இல்ல. மெஷின்லயே இருக்கு. எத்தனையோ பேருக்கு வெச்சிருக்கேன்.”

“எனக்கு இரவல் மச்சம் வேணாம்!” அவர் குரல் உயர்ந்தது. வகுப்பில் பயனற்ற குரல். இருபதாண்டுக்கு மேலாகச் சேமித்த வலுவெல்லாம் அதிலிருந்தது. வெளியே காத்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். “நான் திரும்பி வருவேன். இன்னொரு தடவை எடுக்கணும். அதுவரைக்கும் என் மூஞ்சில கையை வைக்காதீங்க.”

வீட்டின் கீழ்த்தளத்தில் அக்காவின் குடும்பம், மேல்தளத்தில் ஆசிரியை. மாலையில் அவர் நுழைந்தபோது அக்கா துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டியா? படம் மாட்டியாச்சா?”

“கழட்டியாச்சு.”

“ஏன்டி, ஆணி சரியில்லையா?”

“அதுல நான் இல்லக்கா.”

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். விளங்கிவிட்டது. “ஓ, அவன் சொல்லிட்டானா? சொல்லாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

“என்னைக் கேக்கணும்னு தோணலையா உனக்கு?”

“கேட்டா நீ வேணாம்பே. வீம்பு பிடிச்சவ. காலம் பூரா சுவத்துல தொங்கப் போற படம்டி. ஒரு தடவையாவது நீ அழகா இருக்கணும்னு ஆசைப்பட்டேன். அது தப்பா?”

ஒரு தடவையாவது. புகைப்படக்காரரின் சொற்களெல்லாம் தோலில்தான் பட்டன. இது உள்ளே போய்த் தைத்தது. ஆசிரியை சுவர் அலமாரியைத் திறந்து குடும்பப் பட ஆல்பத்தை எடுத்து, இஸ்திரி போட்ட சட்டைகளின் மேலேயே விரித்துப் போட்டார்.

“பாரு. எந்தப் படத்துல வேணாலும் பாரு.”

ஒவ்வொரு படத்திலும் சிறுமியான அவள் ஒரே கோடியில் நின்றாள். முகத்தை வீட்டார் பக்கம் திருப்பி, வலக்கன்னத்தை மட்டும் உலகுக்குக் காட்டியபடி. அறியாதவர் பார்த்தால், இக்குழந்தைக்குத்தான் குடும்பத்தின்மேல் எத்தனை பாசம் என்று நெகிழ்வார்கள். படமெடுக்குமுன் அம்மா வந்து தாடையைப் பற்றித் திருப்பிவிட்ட திருப்பு அது. பட்டம் பெற்ற நாளின் படத்தில் திருப்ப அம்மா இல்லை. பழகிய கழுத்து தானே திரும்பியிருந்தது.

“இதுல ஒண்ணுலயாவது நான் முழுசா இருக்கேனா? பொறந்ததுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் என் மூஞ்சி இருக்கிற படம்னு ஒண்ணு கிடையாது. இதுதான் முதல் படம்னு நினைச்சேன். நான் செஞ்ச வேலைக்காக, நானா உக்காந்து, நேராப் பார்த்து எடுத்துக்கிட்ட படம். அதையும் திருப்பிட்ட.”

“என்னமோ உன்னை ஒளிச்சு வெச்ச மாதிரி பேசாதே!” அக்காவுக்கும் சினம் மூண்டது. “தெருவுல உன்னைக் கேலி பண்ணவனையெல்லாம் அடிக்கப் போனது யாரு? ஒருத்தன் கையைக் கடிச்சு வெச்சிட்டு அப்பாகிட்ட அடி வாங்கினது யாரு? உன்னை எவனும் ஒரு வார்த்தை சொல்லிடக்கூடாதுன்னுதான் இன்னிக்கு வரைக்கும்...”

“தெரியும். அதனாலதான் இவ்வளவு நாளா வாயைத் திறக்கல.” ஆசிரியை ஆல்பத்தை மூடினார். “நீ அவங்களைக் கடிச்சே. ஆனா, அவங்க சொன்னதை நம்பிட்டேக்கா.”

அக்கா ஆல்பத்துக்கு அடியில் கசங்கிய சட்டையை உருவி மறுபடி நீவத் தொடங்கினாள்.

“பிள்ளைங்க என்னை எப்படிக் கூப்பிடுவாங்கன்னு உனக்குத் தெரியுமா? என்னிக்காவது கேட்டிருக்கியா?” ஆசிரியை சுட்டுவிரலை இடக்கன்னத்தில் வைத்துத் திருகினார். “இதுதான் என் பேரு. இதைக் கேலின்னு யாரும் அங்க நினைக்கிறதில்ல. அவசரத்துக்கும் இதுதான், அழுகைக்கும் இதுதான். காய்ச்சல்ல படுத்த பிள்ளை கண்ணைத் திறக்காமலே இப்படிக் கூப்பிடும். நீ மச்சத்தை எடுக்கச் சொல்லல. என் பேரை எடுக்கச் சொல்லிட்டே. இன்னிக்கு ஒரு குழந்தை கேக்குது, ‘அவங்கதான் பெரிய டீச்சர்னா நீங்க எங்க போறீங்க?’ன்னு. நான் என்ன சொல்றது?”

அவர் மாடிக்குப் போய்விட்டார். அன்று அக்கா சாப்பிடக் கூப்பிடவில்லை. அவரும் இறங்கி வரவில்லை.

மறுநாள் செயலாளர் ஆளனுப்பி அழைத்தார். அவர் அறைச்சுவரில் அவருடைய படமே பெரிதாக இருந்தது. அதில் அடர்ந்த கருங்குழல் அலையலையாக எழுந்திருக்க, அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தவரின் தலையில் விளக்கொளி வழுக்கி விழுந்தது.

“என்ன டீச்சர் இது? சுவத்துல ஆணி மட்டும் இருக்கு. வெள்ளிக்கிழமை விழா. உதவி பண்ற பெரிய மனுஷங்க வர்றாங்க. இன்னிக்கே படத்தைத் திருப்பி மாட்டிடுங்க.”

“அது என் படம் இல்ல சார். வேற எடுத்து மாட்டறேன்.”

“எழுத்தர் சொன்னாரு. ஒரு மச்சத்துக்காகவா? நல்லாத்தானே இருக்கு அந்தப் படம்? தலைமை ஆசிரியைன்னா பள்ளிக்கூடத்துக்கே முகம் மாதிரி. குறை இல்லாம, பளிச்சுனு இருந்தா நமக்குத்தானே நல்லது?”

ஆசிரியை நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டார்.

“சார், இது என்ன பள்ளிக்கூடம்?”

“என்ன கேள்வி இது?”

“காது கேக்காத பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம். வாசல்ல நுழையறப்பவே ‘குறை இருந்தா அழிச்சிடுவோம், அப்புறம்தான் மாட்டுவோம்’னு எழுதிப் போடலாமா? அப்படித்தான் சொல்லுது அந்தப் படம். காதுல மெஷின் தெரியுதேன்னு முடியை இழுத்து மூடிட்டு வர்ற பிள்ளைகிட்ட, ‘மூடாதே, எடுத்து விடு, வெக்கப்பட ஒண்ணுமில்ல’ன்னு தினமும் சொல்றேன். நாளைக்கு அது என் படத்தைக் காட்டி, ‘நீங்க மட்டும்?’னு கேட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பதில் சொல்றது?”

“அது வேற, இது வேற.”

“எப்படி வேற? சொல்லுங்க, கேட்டுக்கறேன்.”

செயலாளர் மேசைமீதிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார். “பிள்ளைங்களுக்குப் படத்தைப் பத்தியெல்லாம் என்னங்க தெரியும்? மேல மாட்டினா பார்த்துட்டுப் போயிடுவாங்க.”

“ஒவ்வொருத்தரையும் உச்சியிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் பார்த்துட்டுத்தான் பேரே வெக்கிறாங்க சார். பார்க்கறதுதான் அவங்களுக்கு எல்லாம்.”

“பேரா? எல்லாருக்குமா?” அவர் சற்றே நிமிர்ந்தார். பல ஆண்டுகளாக அப்பள்ளியை நடத்தியும் ஒரு சைகையைக்கூட அவர் கற்றதில்லை. “எனக்கும் இருக்கா?”

“இருக்கு.”

“என்னது?”

ஆசிரியை தயங்கினார். பிறகு, கேட்டவருக்குச் சொல்வதே முறை என்று துணிந்து, உள்ளங்கையை நெற்றியில் வைத்து உச்சி வழியே பிடரி வரை வழித்துக் காட்டினார்.

செயலாளரின் கை அறியாமலே தன் தலைக்குப் போயிற்று. போன கை அங்கேயே நின்றது.

“எப்போலேர்ந்து?”

“நீங்க வந்த அன்னிலேர்ந்து. மரியாதையாத்தான் சார் சொல்லுவாங்க.”

“அப்போ இந்தப் படம்?” அவர் சுவரைப் பார்க்காமல் கேட்டார்.

“அது உங்க தம்பின்னு நினைச்சிட்டிருக்காங்க.”

தலையிலிருந்த கையை மெல்ல இறக்கினார். பின்பு அவர் கோப்பொன்றை இழுத்துத் தம் முன் வைத்துக்கொண்டார். “என் படத்தைப் பத்தி நான் உங்களைக் கேக்கல” என்றார் கடுகடுப்பாக. “உங்க படத்தை எப்படி வேணா எடுத்துக்கங்க. வெள்ளிக்கிழமை சுவர் நிறைஞ்சிருக்கணும். வர்றவங்க யாராவது ஏதாவது கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன்.”

“நான் சொல்றேன் சார்.”

பள்ளி விட்டதும் ஆசிரியை நேராகப் படக்கடைக்குப் போனார். அங்கே, காத்திருப்போர் பலகையில், கைப்பையை மடிமேல் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

“நீ எதுக்கு வந்தே?”

“எதுக்கோ வந்தேன். நீ போய் உக்காரு.”

விளக்குகள் எரிந்தன. புகைப்படக்காரர் வந்து, பழக்கத்தினால், அவர் தாடையை இரு விரலால் பற்றி வலக்கன்னம் தெரியுமாறு மெல்லத் திருப்பினார். ஆசிரியை அந்த விரல்களை எடுத்து அப்பால் வைத்தார்.

“நேரா எடுங்க.”

“லைட்டு அந்தப் பக்கம் விழுது மேடம். மச்சம் ரொம்பத் தெரியும்.”

“தெரியட்டும்.”

புகைப்படக்காரர் கேமராவுக்குப் பின்னால் போனார், குனிந்தார், நிமிர்ந்தார். “மேடம், கொஞ்சம் சிரிங்க. ரொம்பக் கோவமா இருக்கிற மாதிரி இருக்கு.”

“கோவமாத்தான் இருக்கேன். அதையும் அழிச்சிடாதீங்க.”

வெளிச்சம் வெட்டி மறைந்தது. படம் திரைக்கு வந்ததும், புகைப்படக்காரரின் கை தானாகவே கணினிச் சுட்டியின்மேல் ஊர்ந்தது. அதற்குள் அக்கா எழுந்துவந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

“கையை எடுங்க.”

“அக்கா, நீங்கதானே அன்னிக்கு...”

“அன்னிக்குச் சொன்னேன். இன்னிக்கு வேற சொல்றேன். எதையும் தொடக்கூடாது. அந்தக் காதையும் அப்படியே விடுங்க, அது எங்கப்பா காது.” அவள் திரையை நெருங்கினாள். திரை முழுதும் பெருகிய முகத்தில் அந்த மறு, நடுவில் கருத்தும் விளிம்பில் நீலம் பாய்ந்தும், இரண்டு மெல்லிய முடிகளோடு, சிறு தீவுபோல் கிடந்தது. ஒரே பாயில் உறங்கி வளர்ந்தும், அதை அவள் நின்று பார்த்தது அதுவே முதல் முறை என்பது அவள் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. “இப்படியாடி இருக்கும் இது?” என்றாள்.

“இப்படித்தான் இருக்கும்.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்; உடனே புகைப்படக்காரரிடம் எரிந்து விழுந்தாள். “என்ன வேடிக்கை? பிரிண்ட்டைப் போடுங்க. பெரிசாப் போடுங்க. போன தடவை போட்டதைவிடப் பெரிசா.”

ஆசிரியை அவளை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இருவரும் ஒன்றாகவே வீடு திரும்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, விருந்தினர் வருமுன்பே படம் சுவரேறியது. மணியடித்ததற்கு அடையாளமாக மண்டபத்தின் சிவப்பு விளக்கு மின்னியதும், இரண்டாம் வகுப்பு வழக்கம்போல் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடிவந்தது. மண்டபத்தில் ஓடக்கூடாது என்பது விதி. அதை மதித்தவர் எவருமில்லை. முன்னால் வந்த முன்பல் இல்லாதவள் சுவரை ஏறிட்டாள், சடக்கென்று நின்றாள். பின்னால் வந்தவர்கள் அவள்மேல் மோதினார்கள்.

அவள் சுட்டுவிரல் கன்னத்துக்குப் போய் ஒருமுறை திருகியது. பிறகு புருவத்தைச் சுருக்கி, இடுப்பில் கைவைத்து, மற்றவர்களுக்கு ஏதோ எச்சரிக்கை சொன்னாள். வகுப்பு முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு, ஒற்றை வரிசையாக, அடிமேல் அடிவைத்துப் படத்தைக் கடந்துபோயிற்று.